860 மீட்டர்ல வீடு, ஆனா வரிசை வேற: சிங்கப்பூர்ல ஒரு குடும்பத்தோட கேஸ்

பேர் போடக்கூடாது, ஸ்கூல் பேரும் போடக்கூடாதுன்னு அக்கா கண்டிஷன் போட்டதாலதான் இதை எழுத முடியுது. நான் அவங்களை அக்கான்னும் அவங்க வீட்டுக்காரரை அண்ணேன்னும்தான் கூப்பிடுவேன், அதனால இங்கயும் அப்படியே போறேன். புதுக்கோட்டை பக்கம், சிங்கப்பூர் வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, குடும்பம் மொத்தமும் பிஆர் (நிரந்தரவாசி, ஆனா சிட்டிசன் இல்ல). மூத்தவன் 2017ல இங்கயே பிறந்தவன், சின்னவ 2020. இங்க பிறந்தா சிட்டிசன் ஆயிடும்னு ஊர்ல இன்னும் சில பேர் நினைச்சுக்கிட்டு இருக்காங்க, அப்பா அம்மால ஒருத்தராவது சிட்டிசனா இருந்தாத்தான் அது. இந்த விஷயத்தை ஞாபகம் வச்சுக்குங்க, ஒரு ஸ்கூல் சீட்டுக்காக வீடு வாங்கின இந்தக் கதை மொத்தமும் இதுல வந்துதான் முட்டி நிக்கும்.

2017ல பிறந்த பிள்ளை 2024ல தொடக்கநிலை ஒண்ணு (ஒண்ணாப்பு) போகணும், அதுக்கான பதிவு 2023 ஜூலைல. 2022 நடுவுலயே அண்ணன் ஆரம்பிச்சுட்டாரு, நல்ல ஸ்கூல் பக்கத்துல ஒரு கிலோமீட்டருக்குள்ள வீடு வாங்கிடணும், கிட்ட இருந்தா சீட்டுக்கு முன்னுரிமைன்னு. ஆபீஸ்ல எல்லாரும் அப்படித்தான் பேசிக்கிறாங்க, வீடு விளம்பரத்துலயும் எம்ஆர்டி ரயில் எவ்வளவு தூரம்னு போட்ட கையோட "1 கிமீக்குள் பிரபல பள்ளி"ன்னும் போட்டுருக்கும். இந்த ஊர்ல அது வாஸ்து மாதிரி.

முதல்ல பார்த்தது பிஷான். அங்க அய் டோங் தொடக்கப்பள்ளி பக்கத்துல ஒரு வீடு, அண்ணனுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு, முன்பணம் கொடுக்கற வரைக்கும் போயிட்டாரு. அக்காதான் சாப்பிட்டுக்கிட்டே சும்மா கேட்டாங்க, அங்க தமிழ் சொல்லிக் கொடுப்பாங்களான்னு. கொடுக்க மாட்டாங்க. அது சிறப்பு உதவித் திட்டப் பள்ளி, அங்க தாய்மொழின்னா சீனம் மட்டும்தான். இப்படி 15 தொடக்கப்பள்ளி இருக்கு. நன்யாங், தாவ் நான், நான் ஹுவா, ரெட் ஸ்வஸ்திகா எல்லாம் அதுல வரும் (பேரைப் பார்த்து நம்ம ஆளுங்கன்னு நினைச்சவங்க எனக்கே ரெண்டு பேரைத் தெரியும், அது ஒரு சீனத் தொண்டு அமைப்பு ஆரம்பிச்ச ஸ்கூல்). "டாப் ஸ்கூல்"னு இங்க சுத்தற லிஸ்ட்ல நிறைய பேரு இந்தப் பதினைஞ்சுல இருந்து வந்ததுதான். ஆக, பிள்ளை தமிழ் படிக்கணும்னு நினைக்கற வீட்டுக்கு அந்த லிஸ்ட் பாதி அங்கயே காலி. மத்த ஸ்கூல்லயும் தமிழ் வகுப்பு அதே கட்டடத்துல நடக்குதா, இல்ல தமிழ் பிள்ளைங்க குறைச்சல்னு வேற இடத்துக்குப் போகச் சொல்றாங்களான்னு போன் பண்ணிக் கேட்டுக்கணும். அக்கா கேட்டாங்க, அண்ணன் கேக்கல. அவருக்கு ராங்க் இருந்தா போதும்.

அடுத்து ஹவ்காங், செராங்கூன் நார்த் பக்கம். அங்க தமிழும் இருக்கற, பேரும் இருக்கற ஒரு ஸ்கூலைப் பிடிச்சாங்க. இங்கதான் ரெண்டாவது முட்டுக்கட்டை. எச்டிபி (அரசு வீடமைப்புக் கழகம்) வீட்டுல இன ஒதுக்கீடு உண்டு, 1989ல இருந்து இருக்கு. இந்தியர், மற்றவர்னு நம்மளைச் சேர்த்து வச்சிருக்கற பிரிவுக்கு ஒரு புளோக்ல 15 சதவீதம், அந்த வட்டாரத்துல 12 சதவீதம். அந்த அளவு நிரம்பிட்டா சீனரோ மலாய்க்காரரோ விக்கற வீட்டை நம்மால வாங்க முடியாது, நம்ம பிரிவுல ஒருத்தர் வித்தாத்தான் உண்டு. அதுக்கு மேல பிஆர் குடும்பம்னா இன்னொரு கோட்டா, மலேசியர் இல்லாத பிஆருக்கு புளோக்ல 8 சதவீதம், வட்டாரத்துல 5 சதவீதம். இந்த ரெண்டு சல்லடையிலயும் விழாம, ஒரு கிலோமீட்டருக்குள்ளயும் இருக்கணும். விக்கறதுக்கு வர்ற வீடே கொஞ்சம், அதுல அக்காவுக்கு வாங்கத் தகுதி இருந்தது மூணு மாசத்துல நாலே நாலு வீடு. ஒண்ணு லிஃப்ட் நிக்காத மாடி, ஒண்ணு 99 வருஷக் குத்தகைல ரொம்ப வருஷம் ஓடிப்போனது. மிச்சம் ரெண்டு.

இப்படி வாங்க ஆள் இருந்தும் வீடு இல்லாத இடத்துல விலை என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. 2022ல மறுவிற்பனை மார்க்கெட்டே சூடா இருந்த நேரம், கோவிட்ல புது வீடுங்க கட்டறது தள்ளிப்போனதால எல்லாரும் பழைய வீட்டுக்கு வந்து நின்னாங்க. அக்டோபர்ல ஒரு நாலறை வீட்டை 5 லட்சத்து 90 ஆயிரம் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) முடிச்சாங்க. எச்டிபி போட்ட மதிப்பு 5 லட்சத்து 62 ஆயிரம். நடுவுல இருக்கற 28 ஆயிரம் கையில இருந்து ரொக்கமா போகணும், சிபிஎஃப்ல (நம்ம ஊர் பிஎஃப் மாதிரி) இருந்து எடுக்க முடியாது, லோனும் கிடைக்காது. ரெண்டு பேரும் பிஆர்ங்கறதால எச்டிபி லோன் கிடையாது, பேங்க் லோன்தான், அதுவும் மதிப்புல 75 சதவீதம். முத்திரை வரி 12,300. பிஆர் முதல் வீடு வாங்கினாலும் கூடுதல் வரி 5 சதவீதம், அது 29,500. வரி மட்டுமே 41,800 வெள்ளி! பெரிய ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இதே மாதிரி நாலறை, ஏறக்குறைய இதே வயசு, அப்போ நாப்பதாயிரம் கம்மியா போச்சு. அது 1.1 கிலோமீட்டர். அந்த நாப்பதாயிரம் எதுக்குன்னு கேட்டா ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே குரல்ல சொன்னாங்க, சீட்டுக்குன்னு.

தூரம் அளக்கறதைப் பத்தி கொஞ்சம் சொல்லணும், இதுல நிறைய குழப்பம். நடக்கற தூரம் கிடையாது, பஸ் போற தூரமும் கிடையாது, நேர்கோடு. 2022 பதிவுல இருந்து ஸ்கூல் நிலத்தோட எல்லையில எந்த இடம் உங்க கட்டடத்துக்குக் கிட்டயோ அங்க இருந்து அளக்கறாங்க, முன்னாடி ஸ்கூலுக்குள்ள ஒரு குறிப்பிட்ட புள்ளிதான். ஒன்மேப்ங்கற அரசாங்க ஆன்லைன் மேப்ல ஸ்கூல் பேரைப் போட்டா எந்தெந்த புளோக் 1 கிலோமீட்டருக்குள்ள, எது 1க்கும் 2க்கும் நடுவுலன்னு அதுவே காட்டும், அதுதான் கணக்கு, ஏஜென்ட் வாய்ல சொல்றது இல்ல. அக்கா வீடு எல்லையில இருந்து 860 மீட்டர், அது நாங்களா மேப்ல கோடு இழுத்துப் பார்த்தது. எல்லைல இருந்து அளக்க ஆரம்பிச்சதும் முன்னாடி வெளிய இருந்த புளோக் சிலது உள்ள வந்துடுச்சு, அதுல இருக்கறவங்களுக்கு குஷி, ஆனா சீட்டு கூடலையே, கூட்டம் மட்டும்தான் கூடிச்சு. ஒரு கிலோமீட்டர் ஆரம்னா 3.14 சதுர கிலோமீட்டர், அடுக்குமாடி நெருக்கமா நிக்கற ஊர்ல அதுக்குள்ள எத்தனை ஆயிரம் வீடு இருக்கும்னு புளோக்குக்குக் கீழ இருக்கற வாய்ட் டெக்ல (திறந்த தரைத்தளம்) உக்காந்து சுத்தி நிக்கற புளோக்கை எண்ணிப் பார்த்தாலே தெரியும்.

சீட்டுக் கணக்கு இதைவிட மோசம். தொடக்கநிலை ஒண்ணுல வகுப்புக்கு 30 பிள்ளை. ஆறு வகுப்புன்னு வச்சுக்குங்க, 180. முதல் கட்டத்துல கூடப்பிறந்தவங்க ஏற்கனவே அங்க படிக்கற பிள்ளைங்க, அத்தனை பேருக்கும் இடம் உறுதி. அடுத்து 2ஏ, அப்பா அம்மா அதே ஸ்கூல்ல படிச்சவங்க, ஸ்கூல் ஊழியர் பிள்ளைங்க, அந்த ஸ்கூலுக்குள்ளயே இருக்கற கல்வி அமைச்சு பாலர்பள்ளிப் பிள்ளைங்க. அப்புறம் 2பி, தொண்டூழியம் செஞ்ச பெற்றோர், சர்ச், சீன சங்கம் வழியா வர்றவங்க, சமூகத் தலைவர்கள். இதெல்லாம் எதுவுமே இல்லாத நம்ம மாதிரி ஆளுங்க வந்து நிக்கறது 2சி. 2022ல இருந்து 2பிக்கு 20 இடம், 2சிக்கு 40 இடம்னு ஒதுக்கி வச்சிருக்காங்க, அதுக்கு முன்னாடி 2சிக்கும் இருபதுதான். பேர் போன ஸ்கூல்ல கடைசில அந்த நாப்பதை ஒட்டித்தான் நிக்கும். அந்த நாப்பதுக்குத்தான் அத்தனை ஆயிரம் வீட்டு ஆளுங்களும் புளோக் புளோக்கா விலை ஏத்தி வாங்கிக்கிட்டு இருக்காங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். 2023 ஏப்ரல், தமிழ்ப் புத்தாண்டுக்கு அவங்க வீட்டுல சாப்பாடு. சாவி ஜனவரில வாங்கியாச்சு, அடையாள அட்டைல முகவரி மாத்தியாச்சு, வீட்டுல புது கிச்சன் கேபினட், பெரியவன் ரூம்ல டேபிள் லேம்ப் எல்லாம். மாங்கா பச்சடி சாப்பிட்டுக்கிட்டே நான் எதார்த்தமா கேட்டேன், பையன் சிட்டிசனா பிஆரான்னு. பிஆர், ஏன்னு கேட்டாரு. நான் போன்ல கல்வி அமைச்சோட பக்கத்தை எடுத்தேன். இடத்தைவிட ஆள் அதிகமா இருந்தா யாருக்கு முதல்லன்னு அங்க ஆறு வரி. 1 கிலோமீட்டருக்குள்ள சிட்டிசன், 1ல இருந்து 2க்குள்ள சிட்டிசன், 2க்கு வெளிய சிட்டிசன். இந்த மூணும் முடிஞ்ச பிறகு, 1 கிலோமீட்டருக்குள்ள பிஆர், அப்புறம் 1ல இருந்து 2, அப்புறம் 2க்கு வெளிய.

அண்ணன் அதை ரெண்டு தடவை படிச்சாரு. நாலாவது வரில வந்து விரலை வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டாரு.

அதாவது தீவோட மேற்கு மூலை ஜூரோங்ல இருந்து பதிவு பண்ற சிட்டிசன் பிள்ளைகூட, ஸ்கூல் வாசல்லயே குடியிருக்கற பிஆர் பிள்ளைக்கு முன்னாடி. கோயில்ல தர்ம தரிசன வரிசைல முதல் ஆளா நின்னாலும் பக்கத்து கியூ முழுசா உள்ள போனப்புறம்தான் நமக்குக் கதவுன்னா எப்படி இருக்கும், அதுதான். தூரம்ங்கறது அவங்கவங்க வரிசைக்குள்ள யார் முன்னாடிங்கறதுக்கு மட்டும்தான். அண்ணன் நாப்பதாயிரம் கூடக் கொடுத்து வாங்கினது ரெண்டாவது வரிசைல முதல் இடம். அந்த வரிசை அந்த ஸ்கூல்ல நகரப் போறதே இல்ல.

ஏஜென்ட் ஏமாத்திட்டாரான்னு என்கிட்ட நிறைய பேர் கேட்டாங்க. அவர் சொன்னது மூணு, வீடு 1 கிலோமீட்டருக்குள்ள இருக்கு, கிட்ட இருந்தா முன்னுரிமை, நிறைய பேர் இதுக்காகத்தான் வாங்கறாங்க. மூணும் உண்மை. உங்க பையன் எந்த வரிசைன்னு அவர் கேக்கல, இவங்களும் சொல்லல. இதே ஏஜென்ட் பிஆர் கோட்டாவை மட்டும் புளோக் புளோக்கா செக் பண்ணிக் கொடுத்தாரு, ஏன்னா அது தப்பினா அவருக்குக் கமிஷன் போயிடும். நான் அவரைத் திட்ட மாட்டேன், ஆனா எனக்கு அவர்மேல மரியாதையும் இல்ல.

அன்னைக்கு ராத்திரி பதினொரு மணி வரைக்கும் உக்காந்து வேற வழி இருக்கான்னு பார்த்தோம். ஒவ்வொரு கதவும் எப்பவோ சாத்தியாச்சு, இந்தக் கேஸ்ல எனக்கு ரொம்ப உறுத்தின பகுதி அதுதான். தொண்டூழியம் செஞ்சு 2பில வரணும்னா முந்தின வருஷம் ஜூலை 1க்குள்ள சேர்ந்து, பதிவு வருஷம் ஜூன் 30க்குள்ள 40 மணி நேரம் செஞ்சிருக்கணும். அதாவது 2022 ஜூலை 1, அன்னைக்கு இவங்க பிஷான்ல வீடு பார்த்துக்கிட்டு இருந்தாங்க. செஞ்சிருந்தாலும் அங்கயும் சிட்டிசன்தான் முதல்ல. பாலர்பள்ளி வழி இன்னும் நல்ல வழி, ஏன்னா 2ஏங்கறது இவங்களுக்கு வேற எப்படியும் எட்டாத கட்டம், பிஆர் பிள்ளைங்களையும் அங்க எடுப்பாங்க. ஆனா எல்லா ஸ்கூல்லயும் அது கிடையாது, இருந்தாலும் பையன் 2022ல கே1 (பாலர்பள்ளி முதல் வருஷம்) சேர்ந்திருக்கணும், அதுக்கு முந்தின வருஷமே பதிஞ்சிருக்கணும். குடியுரிமை? விண்ணப்பம் போட்டா ஒரு வருஷம் வரைக்கும் எடுக்கும், ஜூலைக்கு மூணு மாசம்தான் இருக்கு. அண்ணன் அதை ரொம்ப நாளா தள்ளிப் போட்டதுக்குக் காரணம் ஊர் நிலம். இந்தியக் குடியுரிமையை விட்டுட்டு ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடிமகன் ஆன இந்தியர்களுக்குக் கொடுக்கறது) வாங்கினா விவசாய நிலம் புதுசா வாங்க முடியாது, அப்பாகிட்ட இருந்து வாரிசா வரலாம். அவருக்கு அப்பா நிலத்தை ஒட்டி இன்னும் ரெண்டு ஏக்கர் வாங்கணும்னு ஆசை. ஒருத்தர் மனசுல ஆலங்குடி பக்கத்துல ரெண்டு ஏக்கர், இன்னொரு பக்கம் ஹவ்காங்ல 860 மீட்டர், ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடிக்கும்னு யாரும் அவருக்குச் சொல்லல.

அந்த வருஷப் பதிவுல 2சி கட்டம் வந்தது. பதிவு ஆன்லைன்தான், முதல்ல வந்தவங்களுக்கு முதல்லன்னு கிடையாது, ஆனாலும் அண்ணன் முதல் நாள் காலைல ஒம்பது மணிக்கே லாகின் பண்ணிட்டாரு. அன்னைக்குச் சாயங்காலமே இருந்த இடத்தைவிட விண்ணப்பம் அதிகம். வேற ஸ்கூலுக்கு மாத்திப் போடுங்கண்ணேன்னு சொன்னேன், எதுக்கும் இருக்கட்டும்னு விட்டுட்டாரு. கடைசில குலுக்கல் நடந்தது 1ல இருந்து 2 கிலோமீட்டருக்குள்ள இருக்கற சிட்டிசன் பிள்ளைங்களுக்கு. அதுக்குக் கீழ யாரையும் எடுக்கவே இல்ல, 2 கிலோமீட்டருக்கு வெளிய இருந்த சிட்டிசனே உள்ள வரலைன்னா பிஆர் எங்க. குலுக்கல்ல தோத்துட்டோம்னு அண்ணன் ஊருக்குப் போன்ல சொல்லிக்கிட்டு இருந்தாரு. குலுக்கல்ல பையன் பேரே போகலைங்கறதை நான் திருத்தல.

அடுத்து துணைச் சுற்று, இடம் மிச்சம் இருக்கற ஸ்கூல் லிஸ்ட் வந்தது. வீட்டுல இருந்து 700 மீட்டர்ல ஒரு அக்கம்பக்கப் பள்ளி, தமிழ் அங்கயே இருக்கு, பயமில்லாம கிடைச்சது. இவங்க வாங்காம விட்ட, பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்க வீடும் இந்த ஸ்கூலுக்கு 1 கிலோமீட்டருக்குள்ளதான் வரும். அக்கா இதை அண்ணன்கிட்ட சொல்லல, என்கிட்ட சொன்னாங்க.

வாடகைக்கு எடுத்திருக்கலாமேன்னு ஒரு கேள்வி வரும், நியாயமான கேள்விதான். தூரத்தை வச்சு சீட் வாங்கினா பதிவு தொடங்கினதுல இருந்து 30 மாசம் அந்த முகவரில நிஜமாவே குடியிருக்கணும், அது சொந்த வீடா வாடகை வீடாங்கறது பிரச்சனை இல்ல. ரெண்டரை வருஷ வாடகையையும், 28 ஆயிரம் ரொக்கம், 29,500 கூடுதல் வரி, இருபத்தஞ்சு வருஷ வட்டி எல்லாத்தையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா, ஸ்கூல் மட்டும்தான் காரணம்னா வாடகைதான் எனக்குச் சரியாப் படுது. வீடு எப்படியும் வாங்கணும்னா அது வேற கணக்கு. தாத்தா பாட்டி இங்க இருந்து பிள்ளையைப் பார்த்துக்கிட்டா அவங்க முகவரியைக் காட்டவும் முறைப்படி வழி இருக்கு. யாரோ ஒருத்தர் முகவரியைக் கடன் வாங்கிப் போடற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், இந்த ஊர்ல அதுக்காக ஜெயிலுக்குப் போன பெற்றோர் இருக்காங்க, பிள்ளையையும் வேற ஸ்கூலுக்கு மாத்திடுவாங்க.

இன்னொண்ணு, ஸ்கூல் அங்கயே இருக்கும்னு என்ன நிச்சயம்? பார்க்கர் ரோட்டுல இருக்கற ஆங்கிலோ சீனத் தொடக்கப்பள்ளி 2030ல தெங்காவுக்குப் போகுதுன்னு 2023லயே அறிவிச்சுட்டாங்க, அதுவரைக்கும் ஆண்கள் பள்ளியா இருந்தது அங்க போய் இருபாலர் பள்ளி ஆகுது. பார்க்கர் ரோட்டைச் சுத்தி அதுக்காகவே வாங்கினவங்களை நினைச்சுப் பார்த்தேன். பிள்ளை குறையுதுன்னு ரெண்டு ஸ்கூலைச் சேர்த்து ஒண்ணாக்கறதும் அப்பப்ப நடக்குது. டிராகன் வருஷம்னா (சீனர்களுக்கு ராசியான வருஷம், பிள்ளை நிறைய பிறக்கும்னு பேச்சு) பயம் இதுக்கு நேர் எதிர், 2024ல பிறந்த பிள்ளைங்க 2031ல ஒண்ணாப்பு போகும்போது வரிசை நீளமா இருக்குமோன்னு, அந்தக் குழந்தைங்களுக்காக இப்பவே வீடு தேடறவங்க எனக்குத் தெரிஞ்சே இருக்காங்க.

அக்கா குடும்பம் இப்பவும் அதே வீட்டுலதான். எச்டிபி வீட்டை வாங்கினா அஞ்சு வருஷம் குடியிருக்கணும், அதுக்கு முன்னாடி விக்க முடியாது, இவங்களுக்கு 2028 ஜனவரி. பெரியவன் நடந்தே ஸ்கூல் போறான், தமிழ் டீச்சர் அவனைப் பேச்சுப்போட்டிக்கு அனுப்பினாங்கன்னு அக்கா வீடியோ அனுப்பினாங்க, "சிங்கப்பூரின் பசுமை"ங்கற தலைப்புல மூணு நிமிஷம் மூச்சு விடாம பேசறான். சின்னவளுக்கு 2027ல ஒண்ணாப்பு. பெரியவன் படிக்கற ஸ்கூல்ங்கறதால முதல் கட்டத்துலயே இடம் உறுதி, சிட்டிசனா பிஆரா, எத்தனை மீட்டர், எதுவும் யாரும் கேக்கப் போறதில்ல. அண்ணன் மட்டும் ஒரு நாள் மெதுவா ஆரம்பிச்சாரு, இப்ப குடியுரிமைக்குப் போட்டா சின்னவளையாவது அந்த ஸ்கூல்ல முயற்சி பண்ணலாமேன்னு, வீடுதான் பக்கத்துல இருக்கேன்னு. காலைல ஒருத்தனை வடக்க ஒருத்தியைத் தெற்க யார் கொண்டு விடறதுன்னு அக்கா ஒரே கேள்விதான் கேட்டாங்க.

போன வாரம் நான் போயிருந்தப்ப லெட்டர் பாக்ஸ்ல ஒரு நோட்டீஸ் கிடந்தது. உங்க புளோக் பிரபல பள்ளிக்கு 1 கிமீக்குள் இருக்கு, வாங்க ஆள் ரெடி, விக்கறீங்களான்னு. பளபள பேப்பர், ஸ்கூல் கட்டடத்தோட போட்டோ வேற. அக்கா அதை மேல எடுத்துட்டு வந்து முருங்கைக்கீரை ஆய விரிச்சாங்க.